கோடே போதும்

புதுப் பைசா புழக்கத்துக்கு வந்த சமயம். காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்த ஒற்றை அறையை ஆபீஸ் வைக்க இரண்டு பேர் சேர்ந்து எடுத்தோம். ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கோலார் பக்கத்துத் தமிழர், நாற்பது வயது, குடும்பஸ்தர், அதிர்ந்து பேசாதவர். இன்னொருத்தி நான். இருபத்தாறு வயது, கல்யாணமாகாதவள், சொத்து என்று சொல்ல ஒரு பழைய டைப்ரைட்டர்.

ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டில் ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். அண்ணன், அண்ணி, மூன்று குழந்தைகள், அம்மா, நான். எனக்கென்று இருந்த இடம் கொடியில் தொங்கவிட்ட ஒரு பழைய சேலைக்குப் பின்னால். உடை மாற்றுவது, படிப்பது, தூங்குவது, அழுவது எல்லாமே அதற்குள்தான். வெளியே யாராவது வந்தால் அண்ணி சேலையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுவாள். பதினைந்து வருடம் அந்தச் சேலையின் பூப்போட்ட பக்கத்தைப் பார்த்தே வளர்ந்தேன். ஆபீஸ் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் டைப்பிங் மேல் இருந்த ஆசை என்று எல்லோரும் நினைத்தார்கள். அது பாதிதான் உண்மை. முகத்துக்கு முன்னால் எதுவும் தொங்காத ஓரிடத்தில் பகல் முழுக்க உட்கார வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

மில்லில் ஃபிட்டராக இருந்த அண்ணன் ஒரு வருடம் முரண்டு பிடித்துவிட்டு ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தான்.

"நடுவுல மறைப்பு இருக்கணும். நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுனா நான் மில்லுல தல நிமிந்து நடக்க முடியாது."

அண்ணன், ஏஜென்ட், நான் மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியான அந்த அறையில் நின்று சாக்பீஸால் தரையில் மேசைகளை வரைந்தோம். அறையின் கதவும் ஒரே ஜன்னலும் தெருப் பக்கம். பின்பக்கம் மூன்று புறமும் சுவர். ஏஜென்டைத் தேடி ஆட்கள் வந்து போவார்கள், ஆகவே முன்பக்கம் அவருக்கு, பின்பக்கம் எனக்கு. அதில் எனக்கு வருத்தமில்லை. பின்னால் உட்கார்ந்தாலும் ஜன்னல் நேர் எதிரே தெரியும், வெளிச்சமும் வந்துவிடும். அண்ணனோ நடுவில் மரத் தட்டி வைத்தே தீரவேண்டும் என்றான். தட்டி வைத்தால் இருட்டில் எழுத்து தெரியாது, தப்பும் தவறுமாக அடித்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று நான் கத்தினேன். ஏஜென்ட் நடுவில் புகுந்தார்.

"தரை இன்னும் போடலியே. சிமிண்ட் போடும்போது நடுவுல ஒரு கோடு போட்டுடச் சொல்லுங்க. அந்தக் கோட்ட நான் தாண்ட மாட்டேன் சிஸ்டர். இது சத்தியம்."

அண்ணன் அரை மனசோடு தலையாட்டினான். எனக்கோ தலைகால் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷம். கொத்தனாரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று முந்திக்கொண்டேன். அவர் கன்னடக்காரர். எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு என்று வீட்டில் ஓயாமல் பீற்றிக்கொண்டிருந்த காலம் அது. உண்மையில் காய்கறிக்காரியிடம் பேரம் பேசும் அளவுக்குத் தெரியும். தெரியாத இடத்தில் தமிழ்ச் சொல்லைப் போட்டு இழுத்துவிடுவேன்.

மறுநாள் கொத்தனார் வந்தார். வீட்டுக்காரர், குடித்தனக்காரர் கேட்டபடி செய்துகொடு என்று சொல்லி அனுப்பியிருந்தார். காம்பவுண்டு கட்டி மிஞ்சிய செங்கல் மாடிப்படி ஓரத்தில் கிடந்தது. நான் சாக்பீஸ் கோட்டைக் காலால் காட்டி, பெருமையாகச் சொன்னேன்.

"இல்லி ஒந்து கோடே சாக்கு."

இங்கே ஒரு கோடே போதும் என்று அர்த்தம், என் கணக்கில். கொத்தனார் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"கோடேனா அம்மா?"

"ஹௌது, கோடே."

"கோடேனே கட்டபேக்கா?"

கட்டாயம் கோடுதான் வேண்டுமா என்று கேட்கிறார் என நினைத்தேன். ஒரு கோட்டுக்கு இவ்வளவு கேள்வியா என்று எரிச்சல் வேறு. "கோடே, கோடே" என்று இரண்டு முறை அழுத்திச் சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். தரை காய ஒரு வாரம் ஆகும், அதுவரை வர வேண்டாம் என்றார். ஏஜென்ட் அந்த வாரம் வேலையாகக் கோலார் போயிருந்தார்.

கன்னடத்தில் கோட்டுக்குக் கெரெ என்று பெயர். முதல் எழுத்தைத் 'தங்கம்' என்பதில் வரும் ககரம்போல் மெலிதாகச் சொல்லிக் கோடெ என்றால் சுவர். தமிழர்கள் வாயில் ககரம் எப்படியும் உருளும் என்று பழகிப்போன கொத்தனார், நான் சுவரைத்தான் கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். சுவர்தான் கட்ட வேண்டுமா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். இதெல்லாம் பிற்பாடு விளங்கியது.

அடுத்த திங்கட்கிழமை டைப்ரைட்டரை ஜட்கா வண்டியில் ஏற்றி அண்ணனோடு போனேன். கதவைத் திறந்தால் எதிரே சுவர். ஏழடி உயரம், சுத்தமாகப் பூசி, வெள்ளையடித்து, ஓரத்தில் ஓர் ஆள் நுழைய வழி விட்டிருந்தார்கள். அந்த வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். என் இடம் ஒரு ஸ்டோர் ரூம் போல இருந்தது. 

அண்ணன் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கலங்கித்தான் இருந்தது.

"நான் தட்டிதான கேட்டேன். நீ செவுரே கட்டிட்டியே பாப்பா. உன்னப் போயி நான் இன்னா இன்னாவோ நெனச்சேன்."

அந்த நேரம் பார்த்து ஏஜென்ட் படியேறி வந்தார். கையில் காலெண்டர் சுருளோடு சுவர் எதிரே நின்றார். சுவரை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, மெதுவாக, "கோடுன்னுதானே பேசினோம் சிஸ்டர்?" என்றார்.

அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். என் கன்னடத்தால் வந்த வினை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அண்ணன் என்னை முதல் முறையாக மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தான். கொத்தனாரிடம் நானே பேசுகிறேன் என்று துள்ளியதும் நினைவிருந்தது. சிரிப்பார்களே என்று பயந்தேன்.

"இல்ல சார், செவுருதான் நல்லது" என்றேன்.

அவர் "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காலெண்டரை மாட்ட ஆணி தேடப் போனார்.

அதன் பிறகு ஆறு வருடம். காலை ஒன்பதரைக்கு உள்ளே நுழைந்ததும் பின்னால் கைநீட்டி சுவிட்சைப் போடுவேன். வெளியே சுள்ளென்று வெயில் அடித்தாலும் எனக்கு நாற்பது வாட் பல்புதான். தெருவில் ஊர்வலம் போனால் மேளத்தை வைத்து எந்தக் கோவில் என்று ஊகிப்பேன். மழை வந்தது யாராவது குடையோடு மேலே ஏறினால் தெரியும். மின்சாரம் நின்றால் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். வீட்டில் சேலையாவது காற்றுக்கு ஆடும். இது ஆடாது. இதை நானே, இரண்டு முறை அழுத்திச் சொல்லி, கேட்டு வாங்கியிருந்தேன். சில நாள் வேலை முடிந்ததும் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பேன். ஆத்திரம் முழுக்க என் வாய் மேல்தான்.

ஏஜென்ட் ஒரு நாளும் அந்த வழியைத் தாண்டி உள்ளே வரவில்லை. தபால் வந்தால் வாசலில் நின்று கையை மட்டும் நீட்டுவார். முன்பெல்லாம் ஆசை ஆசையாகத் தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்ன மனிதர், என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்குப் பெரிய ஆபீஸ் கிடைத்துக் காலி செய்த அன்று, சாமான்கள் இறங்கிய பிறகு, வழக்கம்போல் அந்த வாசலில் வந்து நின்றார்.

"போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கலாமா சிஸ்டர்? என்னப் பத்தி யாராவது தப்பா சொன்னாங்களா? கோடு போதும்னு பேசிட்டு, திடீர்னு செவுரு கட்டினீங்களே. நான் என்ன செஞ்சேன்னு ஆறு வருஷமா யோசிச்சுப் பாக்கறேன். பிடிபடல."

 கோடு, கோடெ, கொத்தனார், அண்ணன் கண் கலங்கியது எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். கன்னடம் நன்றாகத் தெரிந்தவர், பாதியிலேயே புரிந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, அன்னிக்கே இடிச்சிருப்பமே" என்றார். "எனக்கும் அந்தப் பல்பு வெளிச்சத்தப் பாத்தா கஷ்டமாத்தான் இருக்கும். கேக்க பயம்."

கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினார்.

சைக்கிள் கடை ஆட்களைக் கூப்பிட்டு அன்றே என் மேசையை முன்பக்கம் கொண்டுவந்து, ஜன்னலுக்கு நேராகப் போட்டேன். எதிரே தெரு. புங்கமரம். ஒரு ஆள் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தான். காகிதத்தைச் சொருகி இரண்டு வரி அடித்தேன். கண் கூசியது. மேசை முழுக்க வெயில் பரவிக் கிடந்தபோது, என் கை பின்னால் நீண்டு, அங்கே இல்லாத சுவிட்சைத் தேடியது.