சூறாவளிச் செல்விக்கு ஒரு சிலை

சிலை திறப்பு விழாக்களுக்கு நான் பொதுவாகப் போவதில்லை. வெயில், பூமாலை, மைக் டெஸ்டிங்... மூன்றும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஒடுகத்தூருக்குப் போனேன். முதல் வரிசையில் உட்கார்ந்து, கை சிவக்கத் தட்டிவிட்டு வந்தேன்.

யாருடைய சிலை என்கிறீர்களா? தலைவர் இல்லை. புலவர் இல்லை. வள்ளலும் இல்லை. பிறக்கவே பிறக்காத ஒரு பெண்ணின் சிலை!

சூறாவளிச் செல்வி. நீலப் பாவாடை, மஞ்சள் தாவணி. ஆபத்து என்றால் தாவணி இறக்கையாக விரியும். மலைக்கு மலை பறப்பாள். காமிக்ஸ் கதாநாயகி. எழுதி, வரைகிறவர் ஒடுகத்தூர் மாதாகோயில் தெரு தேவசகாயம். அச்சாவதும் அதே ஊரில்தான். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் க்ளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள்.

பொம்மைப் புத்தகத்தில் பறக்கிறவளுக்குச் சிலையா? நியாயமான கேள்விதான். பதிலுக்கு நீங்கள் என்னோடு கொஞ்சம் மலையேற வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. நான் இந்தப் பத்தியெல்லாம் எழுத ஆரம்பிக்காத காலம். ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் முதியோர் கல்வி டீச்சராக இருந்தேன். என் மாணவிகள் எல்லாரும் சாமைக் கொல்லையில் களை பறித்துவிட்டு, சாயங்காலம் நேராக வகுப்புக்கு வருகிறவர்கள்.

பாடப் புத்தகத்தைத் திறந்து "பட்டம்... பம்பரம்..." என்பேன். பாதிப் பேர் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். ஒருநாள் காளியம்மா மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் டீச்சர், இந்தப் பட்டத்த வெச்சிக்கினு நாங்க இன்னாங்க பண்றது?"

காளியம்மாவுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். கணீர்க் குரல். மனதில் இருப்பது உடனே வாய்க்கு வந்துவிடும்.

அடுத்த முறை மலையிறங்கி ஒடுகத்தூர் போனபோது, செல்வி புத்தகங்கள் கொஞ்சம் வாங்கி வந்தேன். வகுப்பில் ஒன்றை விரித்துப் படம் படமாகக் காட்டி வாசித்தேன். ஒருத்தி தூங்க வேண்டுமே... ஊஹூம்! வில்லன் செல்வியைக் குகைக்குள் அடைத்த இடத்தில் வேண்டுமென்றே புத்தகத்தை மூடினேன்.

"அப்பால இன்னா ஆச்சு?" ஒரே கூச்சல்.

"நீங்களே படிச்சுப் பாருங்க."

அவ்வளவுதான். அன்று முதல் எனக்கு வேலை குறைந்துவிட்டது. பேச்சு பலூன்களில் இருந்த எழுத்துகளை அவர்களே கூட்டிக் கூட்டிப் படித்தார்கள். 'அ, ஆ' முழுதாகத் தெரியாதவர்களுக்கு 'டமால்' தெரிந்தது. 'ஐயோ' தெரிந்தது. 'விட்டேனா பார்' தெரிந்தது!

செல்வியின் பரம எதிரி விஷராஜன். கிணற்றில் விஷம், பாலில் விஷம், கோயில் பிரசாதத்தில்கூட விஷம். ஒவ்வொரு கதையிலும் செல்வி பறந்து வந்து, "விஷம்! தொடாதே!" என்று கத்துவாள். தேவசகாயம் அந்த 'ஷ'வைப் பாம்பு சுருண்டு கிடப்பதுபோல வரைவார். எங்கள் பாடப் புத்தகத்தில் 'ஷ' கடைசிப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம்வரை போன வகுப்பை நான் கண்டதில்லை. என் மாணவிகளுக்கோ அது முதலில் பழகிய எழுத்துகளில் ஒன்று. 'வில்லன் எழுத்து' என்று பெயரே வைத்திருந்தார்கள்.

மறு வருஷம் தை மாதம், காளியம்மாவின் கொழுந்தனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஒரே ஆசை... விருந்தில் பூரி போட வேண்டும். அந்த ஊர்க் கல்யாணத்தில் அதுவரை பூரி போட்டதில்லை. சந்தையில் வாங்கிய மைதா மூட்டை ஜீப்பில் வந்து இறங்கியது. சமையல் பொறுப்பு காளியம்மாவின் மாமா ஒருவருக்கு. நல்ல கைப்பக்குவம், எழுத்து வாசனை கிடையாது.

நான் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். பின்பக்கம் அடுப்பு எரிகிறது. பெரிய அண்டாவில் மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறார்கள்.

"இன்னா மாமா, மாவு ஒரு மாரி நாறுது?" என்று யாரோ கேட்டது என் காதில் விழுந்தது.

"ஜீப்புல கெரசின் டின்னு பக்கத்துல வெச்சி எட்த்தாந்தாங்க. எண்ணெயில போட்டா போய்டும். தண்ணி ஊத்து!"

அப்போதுதான் அந்தக் குரல்.

"வெசம்! தொடாத!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். காளியம்மா ஒரே உதையில் அண்டாவைக் கவிழ்த்திருந்தாள். தரையெல்லாம் வெள்ளை. பிசைவதற்குக் கை நீட்டியவர்கள் நீட்டியபடியே நின்றார்கள். மாமா ஆத்திரத்தில் பாய்ந்து வந்தார்.

"கல்யாண மாவ ஒதைக்கிறியே, ஒனக்கு இன்னா பேய் புட்ச்சிக்கிச்சா?"

காளியம்மா காலிச் சாக்கைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"டீச்சர்... நான் சரியா பட்ச்சனா? வில்லன் எழுத்துதானே இது?"

சாக்கின் ஓரத்தில் சிவப்பில் அச்சடித்திருந்தது. விஷம். பயிருக்குத் தூவும் பூச்சி மருந்துப் பொடி!

அந்தப் பந்தலில் எத்தனை குழந்தைகள்... பூரி பூரி என்று காலையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண் வந்து காளியம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமா தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது என்னவென்று பிறகு தெரிந்தது. ஒரே ஜீப்பில் இரண்டு மூட்டை வந்திருக்கிறது. மாற்றி இறக்கிவிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எங்கள் மைதாவைக் கத்தரிச் செடிகளுக்குத் தாராளமாகத் தூவிவிட்டு, "மருந்து சரியில்ல, எறும்பு மொய்க்குதே" என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாராம்!

சிந்திய பொடியைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். வேறு இடத்தில் அடுப்பு மூட்டி, சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஆக்கினார்கள். அப்படி ஒரு ருசி பிறகு எனக்கு வாய்க்கவில்லை. உயிரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ருசி.

இப்போது சொல்லுங்கள்... அன்று அந்த ஊரைக் காப்பாற்றியது யார்? காளியம்மாதான். சந்தேகமே இல்லை. அவளுக்குக் கத்தச் சொல்லிக் கொடுத்தது யார்?

போன வருஷம் செல்விக்குச் சிலை வைக்கலாம் என்று ஒடுகத்தூர் இளைஞர்கள் சிலர் பேச்சை எடுத்தார்கள். ஊர்க்கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் எழுந்து, "இல்லாத ஒருத்திக்கு ஊர்ப் பொது எடத்துல செலையா? நாலு ஊரு சிரிக்காதா?" என்றார். பலர் தலையாட்டினார்கள். தேவசகாயம் மூலையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போது வாசலில் சலசலப்பு. காளியம்மா! கூடவே என் பழைய வகுப்புப் பெண்கள். நடந்து, ஜீப் பிடித்து, பஸ் மாறி வந்திருக்கிறார்கள். நான் சொல்லியனுப்பியது செய்தி மட்டும்தான். இப்படிப் படையே இறங்கும் என்று நினைக்கவில்லை.

காளியம்மா கல்யாணக் கதையைச் சொன்னாள். கடைசியில் கைகூப்பினாள்.

"ஒங்க ஊர்ல எடம் இல்லன்னா பரவால்லீங்க. செல்விய எங்களுக்குக் குட்த்துடுங்க. மலையில நாங்க வெச்சிக்கிறோம். எங்க உசுர காப்பாத்துனவ... எங்க வூட்டுப் பொண்ணு."

முதலில் துள்ளி எழுந்தது யார் தெரியுமா? அதே தாசில்தார்!

"அதெப்டி? அதெல்லாம் குடுக்க முடியாது! செல்வி எங்க ஊர்ப் பொண்ணு!"

கூரை அதிரக் கைதட்டல். தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. தேவசகாயம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை திரையை விலக்கியது மந்திரி இல்லை. காளியம்மா! தாவணி காற்றில் விரிய, வலது கை வானத்தைப் பார்த்து நீண்டிருக்க, செல்வி பளபளவென்று நின்றாள். பீடத்தில் பொறித்திருந்த எழுத்துகளைக் காளியம்மா மைக்கே தேவையில்லாத குரலில், தடுமாறாமல் வாசித்தாள். மலையிலிருந்து வந்த பெண்கள் குலவையிட்டார்கள். ஊர்ப் பெண்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் பதிலுக்கு இட்டார்கள். யாருடைய குலவை நீளம் என்று போட்டியே நடந்தது.

ஒரு ஊர் யாருக்குச் சிலை வைக்கலாம்? வாழ்ந்து மறைந்தவர்களுக்கு வைக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் காகிதத்திலிருந்து இறங்கி வந்து, ஒரு சாதாரணப் பெண்ணின் தொண்டைக்குள் புகுந்து, ஒரு கல்யாணக் கூட்டத்தையே பிழைக்க வைத்தாளே... அவளுக்கு இல்லாத சிலை வேறு யாருக்கு?

நேற்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். சிலை இருக்கும் முனை வந்ததும் கண்டக்டர் விசில் கொடுத்துக் கத்தினார்: "செல்வி ஸ்டாப்பு... செல்வி ஸ்டாப்பெல்லாம் எறங்கு!"

எனக்கு டிக்கெட் அடுத்த நிறுத்தத்துக்கு. ஆனாலும் இறங்கிவிட்டேன்!