இடது கால் செருப்பு

விசிலக்காவுக்கு உலகத்தில் ஆகாத விஷயம் ஒன்று உண்டென்றால் அது பாசாங்கு. கடற்கரைப் பூங்காவில் பதினோரு வருடமாகக் காவலர். கழுத்தில் விசில், தோளில் கயிற்றுச் சுருள், கையில் மரச்சுத்தி. உப்புக்கொத்திப் பறவைகள் முட்டையிடும் மாதங்களில் ஒவ்வொரு கூட்டைச் சுற்றியும் நாலு குச்சி அடித்துக் கயிறு கட்டுவார். கூடு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மணலில் ஒரு சின்னக் குழி, அதில் மணல் நிறத்திலேயே மூன்று முட்டை. கயிற்றைத் தாண்டிக் கால் வைத்தது எங்கள் மேலதிகாரியே ஆனாலும் விசில் காதைக் கிழித்துவிடும்.

நான் தொலைநோக்கியையும் அதன் முக்காலியையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பவன். பார்வையாளர்களைப் பறவை காட்டக் கூட்டிப் போகும்போது அக்கா கூட்டத்தின் தலை, நான் வால். பின்தங்குகிறவர்களைப் பார்த்து அழைத்து வருவது என் வேலை. அதை நான் எவ்வளவு லட்சணமாகச் செய்தேன் என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

அக்காவின் சுற்றுலாவில் எல்லோரும் காத்திருக்கும் கட்டம் ஒன்று இருந்தது. கூட்டை யாராவது நெருங்கினால் தாய்ப்பறவை ஓடிவந்து, ஒரு இறக்கையை மணலில் இழுத்துக்கொண்டு நொண்டும். அடிபட்ட பறவை, சுலபமாகப் பிடித்துவிடலாம் என்று நம்பி நரியோ நாயோ அதன் பின்னாலேயே போகும். முட்டை தப்பிக்கும்.

"இறக்கை ஒடிஞ்சிருக்குன்னு பாவப்படாதீங்க. சுத்தமான நடிப்பு" என்பார் அக்கா. ஒரு நொடி விட்டு, "எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு இருக்கு" என்பார். கூட்டம் சிரிக்கும். ஆயிரம் தடவை கேட்ட நானும் சிரிப்பேன்.

வீட்டில் இருந்தது அவர் கணவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். வேலைக் காலத்தில் அக்குளில் வெங்காயத்தை வைத்துக் காய்ச்சல் வரவழைத்து லீவு போட்டவர். ஒருமுறை முதுகுவலி என்று ஒரு மாதம் படுத்தார். அந்த மாதம் முழுக்கத் தொலைக்காட்சியில் பந்தாட்டப் போட்டி நடந்தது. இதையெல்லாம் அவரே வாயெல்லாம் பல்லாகச் சொல்லுவார். வீட்டையும் வேலையையும் இழுத்துக்கொண்டு ஓடிய அக்காவுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அந்த வருடம் மாமா இடது காலைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார். நடக்கும்போது செருப்பு கழன்று விழும், அவருக்குத் தெரியாது. பாதித் தெரு தாண்டிய பிறகு பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து வந்து கொடுப்பார்.

"கால்ல செருப்பு இருக்கா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது" என்றார்.

"அடுத்து தலை இருக்கான்னு தேடுங்க" என்றார் அக்கா.

மூன்று வாரம் இப்படியே போனது. டாக்டரிடம் போகலாம் என்று மாமா நச்சரித்தார். கடைசியில் அக்கா ஒரு பந்தயம் வைத்தார். "ஞாயித்துக்கிழமை என்கூட பூங்காவுக்கு வாங்க. மணல்ல ஒரு சுத்து நடங்க. நெசமாவே முடியலன்னா மறுநாள் காலையில நானே கூட்டிட்டுப் போறேன்."

பதினோரு வருடத்தில் மாமா அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. சலவை மடிப்புச் சட்டை, தலையில் தொப்பி. இருபத்திரண்டு பார்வையாளர்களோடு இருபத்து மூன்றாவது ஆளாக நடந்தார். முதல் கூட்டை அடைவதற்குள் இரண்டு தடவை செருப்பை எடுத்துக் கொடுத்தேன். கயிறு கட்டிய இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

பறவை வந்து தன் ஆட்டத்தை ஆடி முடித்தது. அக்கா வழக்கமான வசனத்தைச் சொன்னார். ஆனால் இம்முறை விரலை நீட்டி, "எங்க வீட்டுப் பறவை அதோ உக்காந்திருக்கு. திரும்பிப் பாக்காதீங்க. பார்வையாளர் இல்லேன்னா தானா எந்திரிச்சு வந்துரும்" என்றார். அன்றைக்கு விழுந்த சிரிப்பு என்றைக்கும் விழாத சிரிப்பு. மாமாவும் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் சிரித்தது. நான் பார்த்தேன். குறும்பு என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் நகர்ந்ததும் என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, கால் வரலப்பா" என்றார். சொல் குழறியது.

"அக்காகிட்ட தோத்துட்டீங்க மாமா. வெளிய தெரியாம எந்திரிச்சு வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். முக்காலி தோளை அழுத்தியது. அதுதான் அப்போது எனக்குப் பெரிய கவலை.

பாறைகளில் வெயில் காயும் நீர்க்காகங்களைக் காட்டிவிட்டுத் திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது. மாமா கயிற்றுக்கு உள்ளே விழுந்து கிடந்தார். கன்னம் மணலில் பதிந்திருந்தது. முட்டைக் குழி முகத்திலிருந்து ஒரு முழ தூரம். அந்தப் பறவை அவர் கண்ணுக்கு முன்னால் இறக்கையை இழுத்து நொண்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போகும், இவர் பின்னால் வரவில்லை என்று பார்க்கும், திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். எழுந்து போக முடியாத மனிதனைப் போகச் சொல்லி அத்தனை நேரமும் நொண்டியிருக்கிறது.

அக்கா முதலில் விசிலைத்தான் ஊதினார். கயிற்றைத் தாண்டிவிட்டாராம். "எந்திரிங்க, படம் முடிஞ்சிருச்சு" என்றார். பிறகுதான் கிட்டே போனார். உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. இடது கால் செருப்பு நாலடி தள்ளிக் கிடந்தது.

அருகே ஒரு இளைஞன் கைபேசியோடு நின்றான். எங்களோடு வந்தவன், நான் எண்ணாமல் விட்டவன். ஐந்து நிமிடம் படம் எடுத்திருந்தான். "பெரியவர் எவ்ளோ பொறுமையா படுத்துப் பாக்கறாருன்னு நெனச்சேன்" என்றான். அவனை அறையக் கை ஓங்கினேன். என்ன யோக்கியதையில் ஓங்கினேனோ தெரியவில்லை.

அந்தப் படத்தைப் பூங்கா அலுவலகம் கேட்டு வாங்கியது. உப்புக்கொத்தி நொண்டுவதை அவ்வளவு கிட்டத்தில் யாரும் எடுத்ததில்லையாம். மாமாவை வெட்டிவிட்டு, வரவேற்பறைத் திரையில் இப்போது நாளெல்லாம் அது ஓடுகிறது. சரியாக வெட்டவில்லை. ஓரத்தில் ஒரு கை தெரியும். குழந்தைகள் பறவையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

அக்கா இன்னும் வேலைக்கு வருகிறார். வீட்டு வசனத்தை மட்டும் விட்டுவிட்டார். கையெழுத்துப் போட வரும்போது தினமும் அந்தத் திரை முன்னால் நிற்கிறார். ஒரு நாள் பொறுக்காமல், "எடுத்துடச் சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"வேணாம். இரு, இப்ப வரும்" என்றார்.

பறவை மூன்றாவது தடவை திரும்பி வந்தது. ஓரத்தில் இருந்த கை மணலிலிருந்து மெல்ல எழும்பி, வா வா என்று இரண்டு தடவை விரலை மடக்கிவிட்டு விழுந்தது.

"என்னையத்தான் கூப்புடுறாரு" என்றார் அக்கா. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கயிற்றை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அன்றைக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள்.