தொப்பியில் ஒரு கறுப்புப் புள்ளி

என் கணவர் சைகோனில் சுங்க அலுவலகக் குமாஸ்தா. அந்த வருஷம் அவருக்கு ஒரே கவலை, மாற்றல். ஆற்றுப் பக்கம் கொசு மொய்க்கிற ஏதாவது ஓர் ஊருக்குத் தூக்கியடித்துவிடுவார்களோ என்று சாப்பாடு இறங்காமல் கிடந்தார். மாற்றல் பட்டியல் எழுதுகிற வெள்ளைக்கார முசியே வீட்டில் அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தைக்கு ஒரு தொப்பி பின்னிக் கொடு என்றார் இவர். காரைக்கால் கன்னியர் மடத்தில் குரோஷே ஊசிப் பின்னல் கற்றவள் நான், மாட்டேன் என்பேனா?

வெள்ளை நூலில், உச்சியிலிருந்து சுற்றுச் சுற்றாக, சிவப்புப் புள்ளி வைத்துப் பின்னினேன். ஏழாவது சுற்றில் கை தானாகக் கறுப்பு நூலை எடுத்து ஒரே ஒரு புள்ளி வைத்துவிட்டது. பச்சைக் குழந்தை போடுகிற தொப்பி, கண் படாமல் இருக்க வேண்டாமா? நான் மாதா கோயில் பூசை தவறாதவள்தான். என் கைக்கு அது தெரியவில்லை.

தொப்பி முடிந்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

"ஏண்டி, என்ன இது? முசியே வீட்டு மதாம் அழுக்குன்னு நெனப்பாங்க. பிரி!"

"அத மட்டும் பிரிக்க முடியாதுங்க. கீழேருந்து அத்தனை சுத்தும் போகும்."

"போகட்டும்."

பிரித்தேன். ஆனால் சும்மா விடவில்லை. பெரிய மனிதரை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, பிரிந்த நூலையெல்லாம் அதில் சுற்றினேன். மூக்கு அரித்தபோதுகூடச் சொறிய விடவில்லை. பிறகு கறுப்பில்லாமல் மறுபடி பின்னி முடித்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து முசியே வீட்டுக்குப் போனோம். தொப்பி போட்ட குழந்தையைச் சுற்றி ஐந்தாறு வெள்ளைக்காரிகள். என்ன நிறம், என்ன கன்னம் என்று மாறி மாறிப் புகழ்ந்தார்கள். இவர் நெளிந்தார், வியர்த்தார். பிறகு யாரும் கேட்காமலே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மையை விரலில் தொட்டு, குழந்தையின் உள்ளங்காலில் மிளகளவு ஒரு பொட்டு வைத்தார்.

மதாம் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தாள், மை போகவில்லை. "மெர்சி" என்றாள். எங்களை வழியனுப்ப வாசல்வரை வரவில்லை.

மறுவாரம் பட்டியல் வந்தது. அவர் பெயர் இருந்தது.

பெட்டி கட்டும்போது என் வாய் சும்மா இருக்குமா? "நான் வச்ச புள்ளியப் பிரிக்கச் சொன்னீங்க. நீங்க எதுக்கு வச்சீங்களாம்?"

மடித்த சட்டையையே திரும்ப மடித்துக்கொண்டு சொன்னார்: "அத்தன பேரு கண்ணு வச்சாங்க. புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அந்த மனிதர்மேல் கொள்ளை ஆசையும் வந்தது. கொசுவலையை நானே எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.