பேர் எழுத வந்தவள்

தவமலருக்குக் கல்யாணியைக் கண்ட நாளிலிருந்தே சந்தேகம். தவமலர் வேலை செய்த ரொறன்ரோ ஹோட்டலில், அவளோடு சேர்த்துப் பொட்டு வைத்த பதினொரு பெண்களும் விருந்தினர் கண்ணில் படக்கூடாதென்று மனேஜர் அவர்களைப் பேஸ்மென்றில் துணி தோய்க்க அனுப்பிவிட்டார். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டைகளையும் கழற்றி வாங்கிக்கொண்டார். கடைசியாகக் கீழே வந்த சென்னைக்காரி கல்யாணி, மறுநாளே மனித உரிமை அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதத் தொடங்கி, ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டு வந்தாள்.

"உங்க பேரைச் சொல்லுங்கக்கா, எழுதிக்கிறேன்."

யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் வாசலில் வந்து பேர் எழுதியவர்கள் ஒருவரும் நல்லதுக்கு எழுதியதில்லை. கனடாவுக்கு வந்து நாலு வருஷமாகியும் தவமலருக்கு அந்தப் பயம் போகவில்லை. இவள் ஆருடைய ஆளோ?

"சரஸ்வதி" என்றாள்.

விசாரணை நாளில் மனேஜர் முறைப்பாட்டிலிருந்த பேர்ப் பட்டியலை அதிகாரியின் முன் தூக்கிப் போட்டார். சரஸ்வதி என்று இங்கே ஒருத்தியும் வேலை செய்யவில்லை, ஆகவே பதினொரு பேருமே பொய் என்றார். தன் ஒரு பொய்யால் மற்றப் பத்துப் பேரும் கெடுவதைத் தவமலரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழும்பினாள்.

"அந்தச் சரஸ்வதி நான்தான்."

கல்யாணி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரி பேனையைத் திறந்து, உண்மையான பெயரைக் கேட்டார். தவமலர் அதிகாரியையும் மனேஜரையும் கைகாட்டிக் கல்யாணியிடம் சொன்னாள்.

"சொல்லுறன். அதுக்கு முதல், உவையள் ரெண்டு பேரும் தங்கட பேரை எழுதி என்ர கையில தரட்டும்."