நடப்பு உறுப்பினர்

படாளத்தில் தன் தெருவிலிருந்து கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் அன்பரசி. செங்கல்பட்டு பைபாஸ் ஓரத்தில் ஒரு தனியார் பால் கம்பெனி; அதில் டேட்டா பிரிவு. அங்கே என்ன வேலை என்று அத்தை சந்திரம்மா கேட்டால் விளக்க வராது. சொல்லுக்கு அர்த்தம் எழுதுற வேலை என்பாள். அதுக்கா பஸ் ஏறிப் போறே என்று அத்தை சிரிப்பாள்.

உண்மையில் அதுதான் வேலை. கம்பெனிக்குப் பால் ஊற்றும் 'உறுப்பினர்' எத்தனை பேர் என்று கேட்டால் கணக்குப் பிரிவு ஒரு எண் சொன்னது, கொள்முதல் பிரிவு இன்னொன்று. ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் வைத்திருந்தார்கள். அதனால் கம்பெனிக்கென்று ஒரு கிளாசரி தயாரானது. சொல்லுக்கு ஒரே விளக்கம், ஒரே பொறுப்பாளர்; ஒப்புதல் கிடைத்தால் திரையில் பச்சைப் புள்ளி விழும். அந்த விளக்கத்தைத்தான் எல்லாக் கணினிகளும் கேட்கும். சண்டைக்காரப் பிரிவுகளை உட்காரவைத்து முடித்துக்கொடுப்பது அன்பரசியின் பாடு.

'நடப்பு உறுப்பினர்' மட்டும் முடியவேயில்லை. ஒரு மாதம் பால் ஊற்றாதவரை எடுத்துவிடலாம் என்றது கணக்குப் பிரிவு. மூன்று மாதமாவது விடவேண்டும் என்றார் கொள்முதல் மேலாளர் தீனதயாளன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்றாவது கூட்டமும் இழுத்தபோது, ஊரில் வரப்புத் தகராறைத் தீர்ப்பதுபோல அன்பரசி நடுவில் வெட்டினாள். இரண்டு மாதம். இரு தரப்பும் தலையாட்டின. பச்சைப் புள்ளி விழுந்தது. அன்று பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தானாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அப்போது அத்தையின் மாடு ஏழு மாதச் சினை. கறவையை நிறுத்திவிட்டார்கள். ஈன்று, சீம்பால் போய், மறுபடி கம்பெனி சென்டரில் பால் ஊற்ற மூன்று மாதம் நெருங்கிவிடும். அன்பரசி அந்த வீட்டு மாடுகளுக்குத் தண்ணி காட்டி வளர்ந்தவள். அதுவரை அத்தைக்கு இருந்த ஒரே தைரியம் கம்பெனி டாக்டர். உறுப்பினர் அட்டை எண்ணைச் சொன்னால் வண்டி வாசலுக்கு வரும்.

இரண்டு மாதம் கடந்து ஒரு நாள், மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம். அன்பரசி மேடையேறி கிளாசரியைக் காட்டினாள்; கைதட்டினார்கள். பையில் கிடந்த போன் ஒலியில்லாமல் அணைந்து அணைந்து எரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்தபோது எல்லாம் அத்தையின் அழைப்புகள். கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. கம்பெனி எண்ணில் பேசிய பெண், உங்கள் அட்டை நடப்பில் இல்லையம்மா என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டாள். மதுராந்தகத்திலிருந்து வேறு டாக்டரைக் கூட்டிவந்து கன்றை இழுத்துப் போட்டார்கள். மாடு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை அன்பரசி தீனதயாளனிடம் போய், மூன்று மாதமாக மாற்றவேண்டும், சினை மாடு அவ்வளவு நாள் கறக்காது என்றாள். அவர் அங்கேயே ஒப்புதல் கொடுத்தார். கணக்குப் பிரிவும் மறுக்கவில்லை.

"இதைத்தாம்மா நானும் நினைச்சேன். நீங்க ரெண்டுன்னு சொன்னதும், படிச்ச பொண்ணு, ஏதோ கணக்கு வெச்சிருக்கும்னு வுட்டுட்டேன்" என்றார்.

ஒரு கணக்கும் இல்லை. அந்தக் கூட்டத்தில் மாடு என்ற நினைப்பே ஏன் வரவில்லை? மறந்துபோனதா, அந்த மேசையில் மாட்டுக்காரி மாதிரித் தெரியக்கூடாது என்று வாய் கட்டிக்கொண்டதா? எவ்வளவு யோசித்தும் அவளுக்கே பிடிபடவில்லை.

சாயங்காலம் படாளத்தில் இறங்கி நேரே அத்தை வீட்டுக்குப் போனாள். கன்று சாக்கின்மேல் படுத்திருந்தது. அத்தை அதன் வாயில் பால் புட்டியை வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஆபீஸ்ல எவனோ ரெண்டு மாசம்னு எழுதிக்கீறானாமே. யாருன்னு விசாரி."

"நான்தான் அத்தை."

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "சினை மாடு கறக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

புட்டி காலியாகியிருந்தது. அத்தை எழுந்து, பக்கத்து வீட்டில் பால் கேட்டுவர சொம்பை எடுத்துக்கொண்டு போனாள். நான் போகிறேன் என்று அன்பரசி கையை நீட்டினாள். அத்தை சொம்பைக் கொடுக்கவில்லை.