நாலு ஆன்டெனாவும் ஒரு டென்-ஃபோரும்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் யார்டில் நின்றவர்கள்:

ஞானம் அண்ணை. மட்டக்களப்பு. குளிர்பெட்டிகளுக்குக் கரண்ட் ஓடுகிறதா என்று பார்ப்பவர்.

குகன். பருத்தித்துறை. பெட்டி தூக்கும் மெசின் ஓட்டுகிறவன்.

ரேமொன். எங்கள் ஃபோர்மன். கியூபெக்காரர். பிரெஞ்சுதான் கதைப்பார், பலமாகக் கதைப்பார்.

பிரியா. சென்னைப் பிள்ளை. புது ஆன்டெனா பூட்ட ரேடியோ கம்பனியில் இருந்து வந்த இன்ஜினியர்.

நான். கேற்றடியில் பெட்டி நம்பர் எழுதுகிறவள்.

ஐந்து பேர். இரண்டு மணிக்குப் பிறகு நாலு பேர்தான் கண்ணில் தெரிந்தோம்.

யார்டின் பெயர் வேண்டாம். கிழக்குப் பக்கம், துறைமுகத்துக்குக் கிட்ட. கப்பலில் வரும் கொள்கலன்களை நாங்கள் பெட்டி என்போம். லொறி வந்து ஏற்றும்வரை அங்கே அடுக்கிக் கிடக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக நாலு, ஐந்து. பதினொரு வரிசை, ஒரு முனை ரயில் பாதைப் பக்கம். நடுவில் நடந்தால் இரண்டு பக்கமும் இரும்பு மதில். வானம் ஒரு கோடு.

உள்ளே போன் எடுக்காது. ஆளுக்கொரு கை ரேடியோ தந்திருக்கிறார்கள். அதற்கும் ஒரு குணம் இருக்கிறது. ஓர் இடத்தில் நின்றால் பக்கத்தில் நின்று கதைப்பது போலக் கேட்கும். ஓர் அடி தள்ளி நின்றால் வெறும் கரகர... அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம். கேட்காவிட்டால் ஓர் அடி தள்ளி நிற்பது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. வேலை செய்யும், செய்கிறோம்.

அதைச் சரிசெய்யத்தான் பிரியா வந்திருந்தாள். கம்பத்தில் இருந்த ஒரு ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு நாலு பூட்ட வேண்டும்.

காலையில் கோப்பி குடிக்கும்போது குகன் அவளைச் சீண்டினான்.

“ஒண்டே ஒழுங்கா வேலை செய்யேல்லை. அதால நாலு வைக்கிறியளோ?”

“ஆமா. ஒரு சோம்பேறிய வச்சு முடியல. நாலு பேரச் சேத்தாலாவது வேலை நடக்குதான்னு பாக்கறோம். உங்க யார்டுலயும் அப்படித்தானே?”

ஞானம் அண்ணைக்குக் கோப்பி மூக்கில் ஏறிவிட்டது.

பிறகு அவள் விளக்கம் சொன்னாள். ரேடியோவில் இருந்து போகிற அலை நேராகவும் வரும், இரும்பில் பட்டுத் தெறித்தும் வரும். ஓர் இடத்தில் எல்லாம் ஒன்றுசேர்ந்து பெரிதாகும். ஓர் அடி தள்ளி ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த இடம் செத்த இடம். ஒரு ஆன்டெனா செத்த இடத்தில் மாட்டினால் செவிடு. நாலும் ஒரே நேரத்தில் செவிடாவது அபூர்வம்.

“அப்ப நாலும் நாலு கதை சொல்லுமே, பிள்ளை?” என்று ஞானம் அண்ணை கேட்டார்.

“சொல்லும் அண்ணா. பனியில கார் மாட்டிக்கிட்டா நாலு பேர் தள்றீங்கல்ல? ஆளாளுக்கு முன்ன பின்ன தள்ளினா கார் நகருமா? எல்லாரும் ஒரே நேரத்துல தள்ளணும். அதே மாதிரி நாலு ஆன்டெனா கேட்டதையும் உள்ள இருக்கற கம்ப்யூட்டர் ஒரே நேரத்துக்குக் கொண்டு வந்து கூட்டும். தெளிவா கேட்டதுக்கு எடை கூட. கரகரன்னு கேட்டதுக்கு எடை கம்மி. ஒண்ணுமே கேக்கலன்னா பூஜ்யம்.”

“கேக்கேல்லை எண்டதை அது தானா ஒத்துக்கொள்ளுமோ?”

“ஒத்துக்கும். ஆன்டெனாவுக்கு வெக்கம் கிடையாது.”

சிரித்தோம். வேலைக்குப் போனோம். குளிர் இருபத்துநாலு. சைபருக்குக் கீழே.

இரண்டு மணி கழிந்து ஐந்து நிமிஷம் இருக்கும். நான் கேற்றடிக் கூட்டுக்குள், ஹீட்டருக்குப் பக்கத்தில். ரேடியோ கரகரத்தது. ஞானம் அண்ணையின் குரல். “தங்கச்சி...” என்றார். மிச்சம் இரைச்சல். ஒரு சொல் விழுந்தது, அதுவும் பாதி. பிறகு இரைச்சல்.

நான் பொத்தானை அழுத்தினேன். “டென்-ஃபோர், அண்ணை.”

டென்-ஃபோர் என்றால் ரேடியோவில் ‘கேட்டது, விளங்கியது’ என்று அர்த்தம். எனக்கு எதுவும் கேட்கவில்லை. எதுவும் விளங்கவில்லை.

ஏன் சொன்னேன்?

எல்லாரும் சொல்வோம். வேலைக்கு வந்த புதிதில் ரேமொன் சொன்னது புரியாமல் மூன்று தடவை திருப்பிக் கேட்டேன். மூன்றாவது தடவை அவர் என் காதைத் தொட்டுக் காட்டினார். அதோடு பாடம் வந்துவிட்டது. டென்-ஃபோர். அது இங்கே மட்டுமா? டொக்டர் பிரெஞ்சில் ஏதோ சொல்வார், தலையாட்டுவோம். பிள்ளையின் ரீச்சர் சொல்வார், தலையாட்டுவோம். வங்கியில் தலையாட்டிக் கையெழுத்தும் வைப்போம். வீட்டுக்கு வந்து யோசிப்போம்... என்ன சொன்னார்கள்?

ஓர் அடி தள்ளி நின்றிருக்கலாம். ஓர் அடி தள்ளினால் கூட்டுக்கு வெளியே. குளிர்.

கால் மணித்தியாலம் போனது. பிரியா கம்பத்தில் இருந்து இறங்கி வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“அக்கா, ஞானம் அண்ணா எங்க? கரண்ட் பெட்டிச் சாவி அவர்ட்ட இருக்கு. கூப்பிட்டா பதிலே இல்ல.”

நான் கூப்பிட்டேன். இல்லை. வெளியே போய்க் கூப்பிட்டேன். இல்லை. திரும்பவும் கூப்பிட்டேன். ஒரு மூச்சு மாதிரி ஏதோ கேட்டது.

 அப்போதுதான் அவர் கூப்பிட்டபோது விழுந்த பாதிச் சொல் நினைவில் வந்தது. “...ப்பாட்டு.” நிப்பாட்டு.

எதை நிப்பாட்டச் சொன்னார்?

கண்ணுக்கு முன்னால் குகனின் மெசின் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குள் திரும்பியது. வரிசைகளில் அங்கங்கே ஒரு பெட்டி அளவு வெற்றிடம் இருக்கும். அன்று குகன் ஒன்பது வெற்றிடம் நிரப்ப வேண்டும். பட்டியல் எழுதியது நான். பெட்டியைத் தூக்கி வரும்போது அவனுக்கு முன்னால் பெட்டிதான் தெரியும். நிலம் தெரியாது.

“குகன், நிப்பாட்டு. மெசினை நிப்பாட்டு.”

ரேடியோ உடனே சொன்னது. “டென்-ஃபோர், அக்கா.”

மெசின் நிற்கவில்லை.

வாசகர்களே, பயம் எனக்குப் புதிது இல்லை. படகில் வந்தவள். போரில் செல் விழுந்த பள்ளத்தை மண் போட்டு நிரப்பி, அதன் மேல் சமைத்தவள். ஆனால் அந்த டென்-ஃபோரைக் கேட்டுக்கொண்டே, நிற்காமல் போகும் மெசினைப் பார்த்தேனே... அந்தப் பயம் வேறு. அது என் குரல். என் பழக்கம். அவன் வாயால் எனக்குத் திரும்பி வருகிறது.

ஓடினேன். பனிக்கட்டியில் இரண்டு தடவை விழுந்தேன். மெசினுக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன். டயர் என் உயரம். நின்றது.

குகன் கதவைத் திறந்தான். “என்னக்கா, விசரே உங்களுக்கு?”

“நிப்பாட்டு எண்டு சொன்னனான்.”

“ஒண்டும் கேக்கேல்லை.”

“டென்-ஃபோர் எண்டாய்.”

அவன் இறங்கினான். பெட்டி அந்தரத்தில் தொங்கியது.

ரேமொன் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் வரிசைக்கு வெளியே போய் ஆம்புலன்சுக்கு அடித்தார். நல்ல மனிசன், பொய் சொல்லக்கூடாது. பிறகு வடக்குப் பக்கம் என்று கையைக் காட்டிக்கொண்டு ஓடினார். எங்களுக்கும் வேறு வழி தெரியவில்லை, பின்னால் ஓடினோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்தது. தூரத்தில்தானே இருப்பார்?

வடக்கில் ஆள் இல்லை. நாலு நிமிஷம் போனது. அந்தக் குளிரில் நாலு நிமிஷம் என்பது உறைந்து சாகிற ஒரு விரல்.

பிரியாதான் நிறுத்தினாள். “யார் சொன்னாங்க வடக்குன்னு? சார், அவர் குரல் வடக்குன்னு சொல்லிக் கேட்டதா, இல்ல நீங்க நெனச்சதா?” அதையே பிரெஞ்சிலும் சொன்னாள்.

ரேமொன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். வழக்கமாக ஞானம் அந்த நேரம் வடக்கில்தான் நிற்பான் என்றார்.

“அப்ப நெனச்சது. அதுக்குப் பூஜ்யம்.”

ஃபோர்மனிடம் யாரும் அப்படிக் கதைத்து நான் கண்டதில்லை.

அவள் எங்களைப் பிரித்து நிறுத்தினாள். முப்பது நாற்பது அடி இடைவெளி. ஒருவர் மாறி ஒருவர் ரேடியோவில் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும். ‘ஞானம் அண்ணை, எங்கே இருக்கிறீர்கள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், தமிழிலும் பிரெஞ்சிலும்.’ நாலு இடத்தில் இருந்து சொன்னால் ஒன்றாவது போய்ச் சேரும். பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். இரண்டு நிமிஷம்.

“கேக்காததக் கேட்ட மாதிரி யாரும் சொல்லக்கூடாது. ப்ளீஸ். ஒரு தப்பு சேந்தாலும் மொத்தமும் கெட்டுடும்.”

நின்றேன். ரேடியோவைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கரகர. கரகர. அவர் குரல் வந்தது, போனது. தண்ணிக்குள் இருந்து ஒருவர் தலையைத் தூக்குவது போல. ஒவ்வொரு முறையும் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசித் தடவை வரவில்லை.

ஓடி வந்து கூடினோம். ஆன்டெனா வந்த மட்டைப் பெட்டியின் மேல் பிரியா எழுதினாள்.

“குகன்?”

“ஒன்பதாம் வரிசை எண்டு...” நிறுத்தினான். அவள் அவனைப் பார்த்தாள். “இல்லை. வரிசை எண்டது வடிவாக் கேட்டது. அதுக்கு முதல் சொன்னது விழேல்லை. ஒன்பது நான் நினைச்சது.”

“வரிசை. சரி. அக்கா?”

“ரயில் பக்கம். இரண்டு தரம் கேட்டது.”

ரேமொன் ஒரு விரலைத் தூக்கினார். ‘சீஸ்’ என்று ஒரு தடவை கேட்டதாகச் சொன்னார். பிரெஞ்சில் ஆறு. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை என்றார். மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு நாலாவதுன்னு கேட்டது,” என்றாள் பிரியா. “அரைகுறையா இல்ல. தெளிவா.”

மட்டையைத் திருப்பிக் காட்டினாள். ஆறாம் வரிசை. ரயில் பக்கம். நாலாவது இடம்.

யாரும் முழுதாகக் கேட்கவில்லை. நாலு பேர் கேட்டதையும் கூட்டினால் முழுதாக இருந்தது.

என் கையில் பட்டியல் இருந்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். குகன் தூக்கி வைத்திருந்த பெட்டிக்குப் பிறகு, அடுத்த பெட்டி வைக்க வேண்டிய வெற்றிடம் அதுதான்.

வெற்றிடத்தின் அடிக்கரையில் கிடந்தார். ஏணி சறுக்கி விழுந்திருக்கிறார். கால் திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கையில் கையுறை இல்லை. அந்தக் கையில்தான் ரேடியோ. பொத்தானில் இருந்து விரலை எடுக்க முடியாமல் குகன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். பிரித்துக்கொண்டே அழுதான். ரேமொன் தன் ஜக்கெட்டைக் கழற்றி அவர் மேல் போட்டுவிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை சேர்ட்டோடு நின்றார்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். இரண்டு விரல் கறுத்திருக்கிறது. பொறுத்துப் பார்ப்போம் என்கிறார்களாம்.

“ஏன் அண்ணை பேந்து கூப்பிடேல்லை? கால் மணித்தியாலம்...”

“ஏன் கூப்பிட? குகன்ட மெசினை நிப்பாட்டு, நான் விழுந்து கிடக்கிறன் எண்டு சொன்னன். நீ டென்-ஃபோர் எண்டாய். மெசின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எண்டாலும் தங்கச்சி சொல்லிட்டாதானே எண்டு கண்ணை மூடிட்டன்.”

“எனக்குக் கேக்கேல்லை அண்ணை.”

அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது என்று இருந்தது.

“கேக்கேல்லை எண்டா கேக்கேல்லை எண்டு சொல்லு தங்கச்சி. நான் கத்திக்கொண்டே இருந்திருப்பன்.”

திங்கட்கிழமை வேலை. கம்பத்தில் நாலு ஆன்டெனாவும் ஏறிவிட்டன. வரிசைக்குள் நின்றாலும் இப்போது கேட்கிறது. கேட்காத நேரம் கேட்கவில்லை என்கிறேன். ரேமொன் திருப்பிச் சொல்கிறார். காதைத் தொட்டுக் காட்டுவதில்லை. குகன் எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்கிறான். வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறது.

நித்திரை சரியாக இல்லை. கண்ணை மூடினால் மெசின் நிற்காமல் போகிறது.

அவர் தூரத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன் அல்லவா? மத்தியானச் சாப்பாட்டு நேரம், நான் டென்-ஃபோர் சொன்ன கூட்டு வாசலில் இருந்து அவர் கிடந்த இடம்வரை நடந்தேன். காலடிகளை எண்ணினேன்.

அறுபத்தொன்று.