நாடிக் கொப்பியின் கடைசிப் பக்கம்

1984 மார்ச் 10, சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. அரியாலையில் எங்கள் வளவில் ஓர் இலைகூட அசையவில்லை. காற்று வீசியிருந்தால் அடுப்பைக் குசினிக்குள் மூட்டியிருப்பார்கள் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

அன்று பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ். முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பெரிய பானை ஏற்றியிருந்தது. நாங்கள் பதினொரு பேர். கூழ் குடிக்கப் பிலாவிலையைக் கிண்ணம் போலக் கோலி வைப்பது என் வேலை. எனக்கு வயது பன்னிரண்டு. அப்போதே எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. மூன்று தரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒண்டு குறையுது!" என்று கத்தினேன். ஆறு வயதுத் தங்கச்சி, தான் விளையாட எடுத்து வைத்திருந்த இலையோடு என்னை நோக்கி ஓடி வந்தாள். கால் அடுப்புக் கல்லில் தட்டியது. பானை அவள் பக்கம் சரிந்தது. கூழ் தண்ணீரைப் போல வழிந்து போவதில்லை. ஒட்டிக்கொள்ளும்.

ஆசுப்பத்திரியில் நாற்பத்தொரு நாள். இடது கை, விலா, தொடை. புண் ஆறத் தொடங்கி, வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று டொக்டர் சொன்னபோது அம்மா கண்ணைத் துடைத்தாள். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"காயம் ஆறுது. நெஞ்சுதான் ஓடுது. இந்த வயசிலை நாடி நிமிஷத்துக்குத் தொண்ணூறு, நூறு இருந்தாக் காணும். இவவுக்கு நூற்றி முப்பது. தோல் காய்ஞ்சாலும் உடம்பு இன்னும் நெருப்புக்குள்ளை நிக்கிற மாதிரித்தான் வேலை செய்யும். நல்லாச் சாப்பாடு குடுக்கவேணும். நாளுக்கொரு முட்டை, மீன், பால். காலமையும் பின்னேரமும் நாடியை எண்ணி எழுதுங்கோ. நூற்றி நாற்பதைத் தாண்டினா அண்டைக்கே கொண்டு வாங்கோ."

எண்ணுகிற வேலை என்னிடம் வந்தது. அப்பா, நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம், தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தந்தார். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் நான் கோடு கீறினேன்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படுத்திருக்கிற பிள்ளையின் நெஞ்சு எங்கே ஓடுகிறது? அவள் சிரிக்கும்போதும் ஓடியது, நித்திரையிலும் ஓடியது. என் விரலுக்குக் கீழே ஒரு சின்னக் குருவி இருப்பது போல இருந்தது.

முதல் நாள் காலை 128. மத்தியானம் முட்டை. பின்னேரம் 136.

ஐயாவின் அக்கா, எங்கள் மாமி, அப்போது பக்கத்தில் நின்றாள். "நெருப்புப் புண்ணுக்கு முட்டையோ? அது கிரந்தியெல்லோ! ஆறின புண்ணையும் கிளப்பிவிடும். இப்ப நெஞ்சிலை போய் நிக்குது. உன்ரை மோனே எண்ணி எழுதியிருக்கிறான், பார்."

"இஞ்சேருமப்பா, டொக்டர் படிச்சதோ, என்ரை அக்கா படிச்சதோ?" என்றார் ஐயா.

"டொக்டர் ஆசுப்பத்திரியிலை இருக்கிறார். பிள்ளை என்ரை மடியிலை கிடக்குது" என்றாள் அம்மா.

முட்டை நின்றது. மீனும் நின்றது. சோறும் பத்தியக் கறியும் மட்டும். தங்கச்சி முட்டை கேட்டு அழுதாள். அழுதால் நாடி ஏறியது. ஏறினால் அம்மா காலையில் என்ன கொடுத்தோம் என்று தேடி அதையும் நிறுத்தினாள். மூன்றாம் நாள் பாலும் போனது. நான் எழுதுகிற ஒவ்வோர் எண்ணும் தங்கச்சியின் கோப்பையிலிருந்து ஒரு சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போவதைக் கண்டேன். அவள் கை மெலிந்து, நாடி கண்ணுக்கே தெரியத் தொடங்கியது.

நாலாம் நாள் ஐயா சண்டை பிடித்து ஒரு முட்டை அவிக்க வைத்தார். அன்று பின்னேரம் 138. கடிகாரத்தைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன், 112 என்று எழுதினேன்.

அம்மா கொப்பியை வாங்கி இரண்டு தரம் பார்த்தாள். "ஒத்துக்கொண்டுட்டுது" என்றாள்.

அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை. வெள்ளிக்கிழமை மீன், முட்டை என்று எந்த மச்சமும் ஏறாத எங்கள் வீட்டு அடுப்பில் அந்த வெள்ளிக்கிழமையும் முட்டை அவிந்தது. "பிள்ளைக்கு மருந்து, சாமி குறை நினையாது" என்று அம்மாவே சொன்னாள். மீன் வந்தது, பால் வந்தது. மாமிகூட, "நாட்டுக்கோழி முட்டையெண்டாப் பரவாயில்லை" என்று தன் வீட்டிலிருந்து நாலு கொண்டு வந்தாள். நான் ஒவ்வொரு பின்னேரமும் பொய் எழுதினேன். ஆனால் ஒரு சரியான எண்ணை எறிந்துவிட எனக்கு மனம் வரவில்லை. கொப்பியைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் உண்மையானதைச் சின்ன எழுத்தில் எழுதி வைத்தேன்.

பத்தாம் நாள் பின்னேரம் 146. பதினோராம் நாள் 148. முன்பக்கத்தில் 110, 108. சொன்னால் முட்டை போய்விடும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று எனக்குத் தெரியாது. தங்கச்சி, "அண்ணை, விடன் கையை, நோகுது" என்றாள். நான் விடவில்லை.

பதினைந்தாம் நாள் டொக்டரிடம் போனோம். அவர் கொப்பியைப் பார்த்தார். பிறகு தானே எண்ணினார். பிறகு குழாயை நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டார். தங்கச்சியை எக்ஸ்ரே படம் எடுக்க அம்மாவோடும் ஐயாவோடும் அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஏன் குறைச்சு எழுதினீர்?"

"கூட எழுதினா முட்டையை நிப்பாட்டிப் போடுவினம்."

"உண்மையானது ஞாபகமிருக்கோ?"

கொப்பியைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். அவர் விரல் 146இல் நின்றது. பிறகு 148இல் நின்றது.

"இந்த ரெண்டு நாளும் என்ன செய்தனீர்?"

"பக்கத்திலை இருந்து திருப்பித் திருப்பி எண்ணினன்."

"எத்தினை தரம்?"

"பதினேழு தரம், டொக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. கடைசிப் பக்கத்தைக் கவனமாகக் கிழித்து மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார்.

படத்தில் இருதயம் கொஞ்சம் பெருத்திருந்தது. ஓட்டத்தைக் குறைக்கக் குளிசை எழுதினார். அம்மாவிடம் கொப்பியின் முன்பக்கத்தைக் காட்டி, "முட்டையும் மீனும் நல்லா ஒத்துக்கொள்ளுது, விடாமல் குடுங்கோ" என்று சொல்லி, என் பொய்களுக்குக் கீழே சிவப்பு மையால் ஒப்பமிட்டார். பிறகு ஐயாவைப் பார்த்தார்.

"இனி நீங்கள் எண்ணுங்கோ. தம்பி எண்ண வேண்டாம். தங்கச்சியோடை விளையாடட்டும்."

பஸ்ஸில் வரும் வழி முழுக்க அழுதேன். எண்ணத் தெரியாதவன் என்று என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார் என்றே நினைத்தேன். என் தோளிலிருந்து எதை இறக்கி வைத்தார் என்பது எனக்குப் பிள்ளை பிறந்து, அதற்குக் காய்ச்சல் வந்த ஒரு நாளில்தான் தெரிந்தது.

தங்கச்சியின் நெஞ்சு அடங்கப் பத்து மாதமானது. இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். என்னைக் கண்டால் கேட்காமலே கையை நீட்டுவாள். "எண்ணு, அண்ணை, எண்ணிப்போட்டுத் தேத்தண்ணி குடி" என்பாள். 74, 76.

அந்தக் கொப்பியை அம்மா சாகும்வரை டொக்டரின் ஒப்பத்துக்காகப் பத்திரமாக வைத்திருந்தாள். இப்போது என்னிடம் இருக்கிறது. கிழிந்து போன பக்கம் எனக்கு மனப்பாடம். போன மாதம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்துக் கூட்டினேன். பதினொரு முட்டைக்காக நான் மறைத்த துடிப்புகள் முந்நூற்று நாற்பத்தொன்று. முட்டை ஒன்றுக்கு முப்பத்தொன்று. மீதி வரவில்லை.